சுருதி சேர்க்கும் நேரம்

அரங்கத்தில் விளக்குகள் அணையவில்லை. அணைக்கக் கூடாது என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

மேடையில் ஓபோ என்கிற குழலை ஊதுபவர் ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்தார். வயலின்கள் ஒவ்வொன்றாக அதில் வந்து சேர்ந்தன.

கூட்டம் பேசிக்கொண்டேயிருந்தது. வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டது.

நினைக்கட்டும்.

அவனுடைய சிம்பொனி தொடங்கிவிட்டது.

கேட்க சுருதி சேர்ப்பது மாதிரியே இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுரமும் அவன் எழுதியது. நடத்துநர்கூட இந்தப் பகுதி முடிகிறபோதுதான் மேடைக்கு வருவார். ஒத்திகையில் வயலின்காரர்கள் சிரித்தார்கள். இதையுமா சார் எழுதிக் குடுப்பாங்க என்று ஒருவர் கேட்டே விட்டார்.

காரணத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியிடமும்.

மகள் இறந்த பிறகு அவர்கள் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. பால் வந்துவிட்டதா, கேஸ் சொல்லியாச்சா. அவ்வளவுதான். குழந்தையின் பெயரை அவள் வாயால் சொல்லி அவன் கேட்கவேயில்லை.

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினான். அழ வேண்டியதையெல்லாம் எழுதினான். கதவுக்கு வெளியே அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று அவனுக்கு உறைத்தபோது காலம் கடந்திருந்தது. திறந்து வந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. மறுபடி சாத்திக்கொண்டான்.

இன்றைக்கு அவள் வருவாளா என்பதே சந்தேகமாக இருந்தது. கடைசி நிமிஷத்தில் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

செல்லோக்கள் சேர்ந்தன. இருமுகிறவர்களைக்கூடத் திரும்பி முறைக்கிற ஆள் அவன்.

அவள் அவன் பக்கம் சாய்ந்தாள்.

"ஏங்க, ஜோவிக்கு இதுதானே பிடிக்கும்? கச்சேரி ஆரம்பிச்சா தூங்கிடுவா. இந்தச் சத்தத்துக்கு மட்டும் சீட் மேல ஏறி நின்னு கை தட்டுவா."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

அதற்காகத்தான் எழுதியிருந்தான். ஜோவிக்காகத்தான்.

சொல்லிவிடலாம். இது நம் குழந்தைக்கு எழுதியது, ஆரம்பித்துவிட்டது, கேள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். கடைசிவரை மரியாதையாக உட்கார்ந்து கேட்பாள். வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சுவாள்.

அவன் சொல்லவில்லை.

அவள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் ஜோவி தண்ணீர் கேட்டது. கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னது. ஈரத் துணியால் உதட்டை மட்டும் துடைத்துவிட்டது. ஒரு வாய் கொடுத்திருக்கலாம், எப்படியும் போகிற குழந்தைதானே, ஒரு வாய் கொடுத்திருக்கலாம்.

அவனுக்கு இது தெரியாது. அந்த நேரத்தில் அவன் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தான்.

கூட்டத்துக்கு இப்போது விஷயம் புரிய ஆரம்பித்திருந்தது. பேச்சு அடங்கிக்கொண்டு வந்தது. முன்வரிசைக்காரர் திரும்பி அவளைப் பார்த்து முகம் சுளித்தார். அவன் அவரைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் கவனிக்கவில்லை.

ட்ரம்பெட்டுகள் நுழைந்தன. அவை வந்தால் இந்தப் பகுதி முடியப்போகிறது. அவன்தான் அப்படி எழுதினான்.

மடையன். இன்னும் நாலு பக்கம் எழுதித் தொலைத்திருக்கலாம்.

நடத்துநர் மேடைக்கு வந்தார். கைதட்டல் எழுந்து அடங்கியது. விளக்குகள் மங்கின. அவர் கோலை உயர்த்தினார்.

அவள் பாதியில் நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆரம்பிச்சிட்டாங்களா?"

அவன் மேடையைப் பார்க்கவில்லை.

"இல்ல. நீ சொல்லு."