ஆறு வாட் பெட்டி

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சர்வர் பெட்டி நலம். வீட்டிலுள்ள பாட்டு, படம் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டேன். பத்து வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் பெட்டியும் நானும் சேர்ந்து வெளியே போக வேண்டும் என்பது உங்கள் தங்கையின் உத்தரவு. பெட்டியின் சின்னத் திரை மூன்று வாரமாக ஆறு வாட் என்றே காட்டியது.

செவ்வாய்க்கிழமை தூசு துடைக்கப் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டி அணையவில்லை. திரையில் அதே ஆறு. துணி எடுக்க அடுக்களைக்குப் போனேன், அணைந்தது. திரும்பி வந்தேன், எரிந்தது.

உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வயர் இல்லாமயே ஓடுதுன்னா அப்புறம் வயர் எதுக்கு?" என்று அதைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

ஒரே ஒரு சிக்கல். நான் பக்கத்தில் இருந்தால் பாட்டு ஓடுகிறது, சினிமா பாதியில் நின்றுவிடுகிறது. நேற்று என் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். ஒன்பது வாட். படம் தடங்கலில்லாமல் முடிந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழ அவள் மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

"இனிமே நான் உட்கார மாட்டேன். வாங்கச் சொன்ன எங்க அண்ணனைக் கூப்பிடுங்க. அவரு உடம்புக்கு ரெண்டு படம் ஓடும்," என்கிறாள். பத்தைத் தாண்டினாலும் பரவாயில்லையாம், அண்ணன் கணக்கு வேறாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். எதையும் பழுது பார்க்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.