கப்பலுக்குப் போன சாக்கு

ஜப்பானில் பூமி அதிர்ந்த வருடம், அங்கே நிவாரணம் கொண்டுபோகும் போர்க்கப்பலுக்கென்று பொன்னாயியின் விதைச் சாமையைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு போனார் மணியக்காரர்.

“நாங்க எதை விதைக்கிறதுங்க? வெறுஞ்சாக்கு திரும்பி வந்துச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன்!” என்று கத்தினாள். அவர் சிரித்தார்.

விதைப்புக்கு முந்தின நாள் காலை அந்தச் சாக்கு அவள் வாசலில் இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தது. அவள் போட்ட நார் முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்தாள். உள்ளே கறுப்பு மண். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்த சட்டி உருண்டு விழுந்தது.

பொன்னாயி சாக்கை மறுபடி இறுக்கிக் கட்டித் தலையில் ஏற்றினாள்.

“எங்க போற?” என்றான் புருஷன் செங்கோடன்.

“மணியக்காரர் ஊட்டுக்குள்ள கொட்டிட்டு வாரேன்.”

அவள் நடந்த வழியெல்லாம் வீடு வீடாகப் பாத்திரங்கள் கலகலத்தன.