முத்த விசாரணை

"எவளுக்கு முத்தம் கொடுத்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

சோபாவில் சாய்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சியில் புற்றுநோய் என்று தெரிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆரம்ப கட்டம்தான், கதிர்வீச்சு கொடுத்துக் குணமாக்கிவிடலாம் என்று டாக்டர் தைரியம் சொல்லியிருந்தார். மனைவியிடமிருந்து காப்பாற்றத்தான் அவரிடம் சிகிச்சை இல்லை.

எல்லாம் டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தால் வந்தது. இந்த வகைப் புற்றுநோய்க்கும் ஒரு சாதாரண வைரஸுக்கும் தொடர்பு உண்டாம். எச்சில் வழியாகப் பரவுமாம். அநேகமாக எல்லார் உடம்பிலும் அது சும்மா படுத்துக் கிடக்குமாம். எங்கோ ஒருத்தருக்குத்தான், வேறு காரணங்களும் சேர்ந்து, இப்படி வினையாக முடியுமாம்.

மனைவி இதில் எச்சிலை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தம்பி போனில் தேடிப் பார்த்து, இந்த வைரஸால் வரும் காய்ச்சலுக்கு முத்தக் காய்ச்சல் என்றே பட்டப்பெயர் இருக்கிறது என்றான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே சிலர் மச்சினனாகப் பிறக்கிறார்கள்.

பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் அப்பிக்கொண்டு கிடப்பவனுக்கு எவள் கன்னத்தைக் காட்டுவாள் என்று மெக்கானிக் கேட்டுப் பார்த்தார். எல்லார் உடம்பிலும் இருக்கிறது என்றால் உனக்கும் இருக்குமே, நீ யாருக்குக் கொடுத்தாய் என்றும் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"பேச்சை மாத்தாதீங்க. அந்த ஜவுளிக்கடை லிஃப்ட் மட்டும் ஏன் மாசாமாசம் ரிப்பேராகுது?"

குரல் உள்ளறை வரைக்கும் கேட்டது. அங்கே மெக்கானிக்கின் அக்கா படுத்திருந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். டாக்டரைப் பார்க்கக் கூடவே போய் வந்தவள், வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உள்ளே போன சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. அப்படிப்பட்ட வீட்டில்தான் இந்தக் கூத்து.

மச்சினனுக்கே சங்கடமாகிவிட்டது. மாமாவுக்கு உடம்பு தேறட்டும், அப்புறம் நிதானமாக உதைக்கலாம் என்று சமாதானம் பேசினான். மனைவி கேட்பதாக இல்லை.

மெக்கானிக்கின் கழுத்துக் கட்டி வலித்தது. ஒரு காது அடைத்துப்போய் மாதக்கணக்காகிறது. அந்தக் காதுக்குள்ளும் அவள் குரல் எப்படியோ நுழைந்துகொண்டிருந்தது. ஆளை விட்டால் போதும் என்று கையைத் தூக்கிவிட்டார்.

"சரி, கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி. ஒருத்திக்கு."

உள்ளறைக் கதவு திறந்தது. அவிழ்ந்த கொண்டையை முடிந்தபடி அக்கா வந்து நின்றாள்.

"யாருடா அவ?"

இல்லாத ஒருத்தியை அவசரத்துக்கு எங்கே போய்த் தேடுவது? டைப்ரைட்டிங் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

அக்கா ஆரம்பித்தாள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க அனுப்பினால் இந்தப் பாடமா படித்தாய் என்றாள். என் தம்பியைக் கெடுத்த அந்தச் சிறுக்கி வாயில் புழு விழ என்றாள். மூச்சு வாங்கும்வரை திட்டினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். மனைவி சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

மெக்கானிக் மனைவியின் பின்னாலேயே சமையலறைக்குள் நுழைந்தார். சத்தியமாக அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று கிசுகிசுத்தார்.

"தெரியும். உங்க மூஞ்சிக்கு எவ வருவா?"

"அப்புறம் எதுக்குடி என்னை இந்தப் பாடு படுத்தினே?"

அவள் எட்டிப் பார்த்தாள். அக்கா இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், திட்டுவதையும் நிறுத்தாமல்.

"நீங்க ஸ்கேன் அறையில இருந்தப்போ, இந்த வைரஸ் பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே வளர்க்கிறவங்க எச்சில் வழியா வந்துடும்னு டாக்டர் சொன்னார். அதுக்கு அவங்க மேல தப்பே கிடையாதுன்னும் சொன்னார். அது உங்க அக்கா காதுல ஏறல. 'மென்னு மென்னு ஊட்டினேனே, என் கையாலயே என் தம்பிக்குக் கொடுத்துட்டேனே'ன்னு அன்னிலேருந்து பட்டினி. பழியைப் போட அவங்களுக்கு வேற ஒருத்தி வேணுமில்ல?"