தனியாவா இருக்கீங்க?

நேரலையில் ரிஸ்னாவின் இரண்டு கைகள் மட்டுமே தெரிந்தன.

முகத்தை அவள் ஒருபோதும் காட்டுவதில்லை. பெயரும் சொல்வதில்லை. மணப்பெண்ணுக்கான கொண்டைச் சீப்பின் பற்களில் மெல்லிய கம்பியைச் சுற்றி, சுற்றுக்கு ஒரு முத்து மணியாகக் கோர்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையின் கீழே ஒரு கேள்வி வந்தது. ரோஜாப்பூப் படம் போட்ட கணக்கு.

நீங்க எந்த ஊர்?

எல்லோரும் கேட்பதுதான். நாடு முழுக்கத் தபாலில் அனுப்புவோம் என்று வழக்கம்போலச் சொன்னாள்.

பார்சல்ல கட்டுகஸ்தோட்டை முத்திரை இருந்திச்சே. பாலத்துக்குக் கிட்டவா?

கம்பி நழுவியது.

மாத்தளையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பாலத்தடியில் இறங்கிவிடலாம். மாத்தளையில் கணவன் ருஷ்தியின் வீட்டை விட்டு வந்து பதினோரு மாதமாகிறது. இதைவிடத் தூரம் போக அவளிடம் வழியிருக்கவில்லை.

தனியாவா இருக்கீங்க?

வீட்டுல ஆம்பிளைகள் யாரும் இல்லையா?

பொண்ணு பார்க்க வாறீங்களோ என்று வேறு யாரோ எழுதினார்கள். நாலைந்து சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக மேலேறின.

ரிஸ்னா ஒரு தங்க நிற மணியை எடுத்தாள். கம்பி அதன் துளைக்குள் போக மறுத்தது.

இடது சின்ன விரல் ஏன் வளைஞ்சிருக்கு?

அந்த விரலை எப்போதும் சீப்புக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொள்வாள். இன்றைக்கு மறந்துவிட்டாள்.

நேரலையை அணைத்தாள். எழுந்த வேகத்தில் தட்டு கவிழ்ந்து மணிகள் அறையெங்கும் ஓடின. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். போதாது என்று தோன்ற, மேசையையும் இழுத்துக் கதவோடு சேர்த்தாள்.

போன் அடித்தது. தெரியாத இலக்கம்.

நான்கு முறை அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது முறை எடுத்துக் காதில் வைத்தாள்.

மறுபக்கம் கேட்டது அவனுடைய மூச்சு இல்லை.

"ரிஸ்னா ராத்தா, வெச்சிராதீங்க. நான் பர்ஹானா, அந்த ரோஜாப்பூக் கணக்கு. பார்சல்ல இருந்த நம்பருக்குத்தான் எடுக்கிறேன். ருஷ்திய முடிச்சி நாலு மாசம்."

அவன் மறுபடி கல்யாணம் முடித்தது ரிஸ்னாவுக்குத் தெரியாது.

"அவட விரல முறிச்ச மாதிரி ஒண்ட விரலயும் முறிப்பேன்னு ஒவ்வொரு நாளும் சொல்றார். நீங்களா இருக்கும்னு நெனச்சித்தான் பஸ் ஏறினேன், இப்ப அந்த விரலக் கண்டுதான் நீங்கன்னு வெளங்கிச்சி. எனக்குப் போக ஒரு இடமும் இல்ல ராத்தா. பாலத்தடியிலதான் நிக்கிறேன்."

அவனே பக்கத்தில் நின்று இதைச் சொல்ல வைக்கலாம். அவனால் முடியும்.

ஜன்னல் சீலையை விரலளவு விலக்கினாள்.

எதிரே பாலத்தடி பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண். இருபது வயதிருக்கும். தோளில் ஒரு சின்னப் பை, காதில் போன். மாத்தளைப் பக்கமிருந்து பஸ் வரும்போதெல்லாம் சட்டென்று திரும்பி, பூட்டிய கடையொன்றின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் போன பிறகுதான் முகத்தைத் திருப்பினாள்.

பதினோரு மாதத்துக்கு முன்பு அதே கடைக்கு முன்னால் ரிஸ்னாவும் அப்படித்தான் நின்றாள்.

"அங்க நிக்காதீங்க. மருந்துக் கடைக்குப் பக்கத்துல ஒரு படி இருக்கு. மேல ஏறி வாங்க."

மேசையை நகர்த்தினாள். தாழ்ப்பாளில் கையை வைத்தாள், திறக்கவில்லை.

கீழே படியில் சத்தம் கேட்டது. ரிஸ்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

ஒரேயொருத்தியின் காலடிதான்.