திருடிக்கொள்ள ஒரு ஜிங்கோ

இன்றைக்கும் பிடுங்கிப் பார்த்துவிட்டார்.

வேர் இல்லை.

குச்சியின் அடி நேற்றைப் போலவே வழுவழுவென்று இருந்தது, சவரம் செய்த முகவாய் மாதிரி. மேலே மட்டும் இரண்டு இலை. சின்னச் சின்ன விசிறிகள். வேரே இல்லாமல் எதை நம்பி விரித்துக்கொண்டு நிற்கிறதோ.

கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது போலத்தான் இருந்தது அவருக்கு.

அவசரமாக மறுபடி மண்ணில் சொருகினார். பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடினார்.

"மன்னிச்சுக்கோ."

காலையிலிருந்து அவர் வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை அது. குச்சியிடம்.

கோத்தகிரியில் அந்த வீட்டை வாங்கியபோது வாசலில் நின்ற ஜிங்கோ மரம் இலவச இணைப்பாக வந்தது. என்றைக்கோ ஒரு துரை நட்டது. தோட்டக்கலைக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆண் மரம், காய்க்காது என்றார். இதிலிருந்து குச்சி ஒடித்து வைத்தாலும் ஆணாகத்தான் வரும் என்று கூடுதலாக ஒரு ஆறுதலும் சொன்னார்.

ஆக ஒரே வளாகத்தில் இரண்டு பிரம்மச்சாரிகள். ஒருவர் பென்ஷன் வாங்குகிறார். இன்னொருவர் இலை உதிர்க்கிறார்.

உதிர்வதெல்லாம் அடுத்த வீட்டு வாசலில்.

அங்கே பிரிஸில்லா டீச்சர். அவரும் ரிட்டையர் ஆனவர், அவரும் தனி. மார்கழியில் மரம் மஞ்சளாகிக் கொட்டும்போது, துடைப்பத்தோடு நின்று, "உங்க மரத்துக்கு உங்க வாசல் பத்தலையா, சார்?" என்பார்.

போன மார்கழியில் ஒரு நாள் பெருக்கிக்கொண்டே வந்த டீச்சர் நின்றார். குனிந்து ஒரு இலையை எடுத்தார். முந்தானையில் துடைத்தார். வீட்டுக்குள் கொண்டுபோனார்.

இவர் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தக் குச்சிப் பைத்தியம்.

நடுச்சுவருக்கு மேலாக, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். வேர் விட்டதும் ஒன்று தருகிறேன்.

டீச்சர் சிரித்தார். "குடுத்தா பிடிக்காது, சார். செடின்னா திருடி வச்சாத்தான் பிடிக்கும். இதுகூடத் தெரியாதா?"

தெரியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்காலம் முழுக்க ஊராரின் பேச்சை இணைத்துக் கொடுத்தவர். இதை மட்டும் யாரும் பேசிக் காதில் விழவில்லை.

முதலில் வைத்த குச்சிகளுக்கு, முருங்கைப் போத்துக்குச் செய்கிற மாதிரி, தலையில் சாணி அப்பினார். அவை தொப்பி போட்டபடியே மரியாதையாகச் செத்தன.

அடுத்தவற்றுக்கு, கடையில் விற்கிற, வேர் விடவைக்கும் பொடியைத் தடவினார். அவை பிழைத்திருக்கும், பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காமல் இருந்திருந்தால். ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஒரு மனிதன் எத்தனை நாள்தான் சும்மா இருப்பது?

கை கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்.

தொட்டிக்குப் பின்னால், பாசி படிந்த ஒரு டப்பாவில், ஒரு குச்சி. எப்போதோ வைத்து மறந்துபோனது. மூன்று இலை.

பழக்கதோஷம். இழுத்தார்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

அடியில் எதுவோ பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்றது.

சூடு பட்டவர் போலக் கையை எடுத்துவிட்டார்.

அன்றே ஒரு குட்டி வாளி வாங்கிவந்து அதை மாற்றினார். கைப்பிடி உள்ள வாளி. தூக்கிப்போகத் தோதாக இருக்கும். நடுச்சுவரின் மேல் வைத்தார். கொஞ்சம் டீச்சர் வீட்டுப் பக்கமாக.

மறுநாள் காலை வாளி அங்கேயே இருந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

அதற்கு மறுநாளும் இருந்தது.

இனியும் தள்ளினால் விழுந்துவிடும். ஒரு திருடருக்கு இதைவிட யார் என்ன சௌகரியம் செய்து கொடுப்பார்கள்? ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, காலையிலிருந்து இருட்டும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறியது. யாரும் வரவில்லை. சொன்னது விளையாட்டுக்குத்தான் போல. விளையாட்டுப் பேச்சை நம்பி வாளி வாங்கியவர் ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒரு வாரம் இப்படியே போயிருக்கும். எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்று போனார்.

வாளிக்குள் விரல் பட்டது.

மண் ஈரமாக இருந்தது.

மழை இல்லை. அவரும் ஊற்றவில்லை. திருட்டுக்கென்று வைத்த செடிக்கு உரிமைக்காரன் தண்ணீர் ஊற்றினால் நன்றாகவா இருக்கும் என்று தொடாமலே இருந்தார்.

ஈர விரலைத் துடைக்காமல் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறந்திருக்கும் சத்தம். பாத்திரச் சத்தம். திரும்பி, தன் ஜன்னலைப் பார்த்தார். அங்கே அவருடைய நாற்காலி. சுவரைப் பார்த்தபடி.

அட, மடையா.

ஆள் நாள் முழுக்கக் காவல் இருந்தால் எந்தத் திருடர்தான் வருவார்?

உள்ளே போய் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். குல்லாய். குடை. ஒரு துணிப்பையும் எடுத்துக்கொண்டார், பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று. கதவைப் படாரென்று சாத்தினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், சத்தமாக.

கேட்டருகே நின்றார். போயிட்டு வரேன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பி எத்தனை காலமாயிற்று. நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

மரத்தைப் பார்த்துச் சொன்னார். கொஞ்சம் உரக்க.

"குன்னூர் வரைக்கும் போயிட்டு வரேன்! வர்றதுக்குச் சாயங்காலமாகும்!"

குன்னூரில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.



அடுத்த வீட்டில் குழாய்ச் சத்தம் நின்றது.

"மெதுவாவே வாங்க, சார்."