எண்பத்து நான்காம் பக்கம்

“கொலையாளி யாருன்னு உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?” என்று பதிப்பாளர் இன்பவல்லி முன்பு ஒருமுறை கேட்டார். கடைசி அத்தியாயத்தில்தான் என்றேன்.

எட்டாம் வகுப்போடு நின்றபின், அப்பாவுக்குத் தெரியாமல் ஒன்பது நோட்டுகளில் நான் எழுதிய துப்பறியும் நாவல் அது. அச்சாகப் போகிறது என்றதும், அதைப் படிக்காமலே அப்பா என்னைப் பெருமையாகப் பதிப்பகத்துக்குக் கூட்டிவந்தார். ‘யாவும் கற்பனை’ முத்திரை இல்லாமல் இப்போது எந்தக் கதையும் அச்சேறாது.

என் நெற்றியில் நினைவுகளைப் படிக்கும் பட்டையைக் கட்டினார்கள். முத்திரை இயந்திரம் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டி, கற்பனைதான் என்று பச்சை விளக்கை எரித்துக்கொண்டே வந்தது.

“நம்ம வீட்டுல இம்புட்டு கொலைகாரப் புத்தி யாருக்குடி?” என்று அப்பா சிரித்தார்.

எண்பத்து நான்காம் பக்கத்தில், மூச்சுத்திணறும் மனைவி தேடி அலைய, கணவன் அவளுடைய இன்ஹேலரை அரிசி டிரம்முக்குள் புதைக்கிறான். விளக்கு சிவந்தது.

“இது கற்பனை இல்ல, நினைவுன்னு காட்டுதே. அஞ்சு வயசுல பார்த்ததாம்,” என்றார் இன்பவல்லி.

அம்மா மூச்சுத்திணறி இறந்தபோது எனக்கு ஐந்து வயது. இன்ஹேலரை அவளே எங்கோ தொலைத்துவிட்டாள் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.