அப்பா எந்தப் பின்கோடு?

"அஞ்சு பேருன்னு போடுங்க டீச்சர்."

ஹெப்சிபா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். ஒற்றை அறை வீடு. எதிரே பாண்டிசெல்வி. உள்ளே மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கும் புருஷன். வாசலில் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு பெண் பிள்ளைகள்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்று ராஜபாளையத்துத் தெருவெல்லாம் வெயிலில் காயும் டீச்சருக்கு, நாலு வரைக்குமா எண்ணத் தெரியாது?

"நாலு பேருதானே இருக்கீங்க. அஞ்சாவது யாரு, வயித்துல இருக்கா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல டீச்சர். ஒரு பெரியவரு."

"மாமனாரா?"

"இல்ல."

"உன் அப்பாவா?"

"எங்கய்யா செத்து எம்புட்டோ காலமாச்சு."

"பின்ன யாரு? எங்க அவரு?"

"பின்னால குளிக்காரு. கணக்கெடுக்க வாராவன்னு சொன்னேன், குளிக்கப் போயிட்டாரு."

"நல்ல நேரம் பார்த்துக் குளிக்காரு! இந்தா பாரும்மா, ஆள் கூடச் சொன்னா ரேஷன்ல அரிசி கூடக் கிடைக்கும்னு எவனாவது சொல்லியிருந்தா மறந்துரு. இது வேற கணக்கு."

பாண்டிசெல்வியின் முகம் சுருங்கிப்போனது.

"அரிசிக்குச் சொல்லல டீச்சர். ஒண்ணு செய்யுங்க. ரெண்டு தெரு தள்ளி நவநீதகிருஷ்ணன் முதலாளி வீட்டுல முடிச்சிட்டுப் பொறவு வாங்க. அங்க அவர எழுதிட்டாவன்னா எங்களுக்கு நாலு போதும்."

போன் அதிர்ந்தது. வத்திராயிருப்பிலிருந்து தம்பி பெலிக்ஸ்.

"டூட்டியில இருக்கேன்லே, பொறவு பேசுதேன்" என்று கட் பண்ணிவிட்டு நடந்தாள்.

நவநீதகிருஷ்ணன் பேண்டேஜ் துணித் தறி வைத்திருக்கும் முதலாளி. கேட்டைத் திறந்ததும் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய் பாய்ந்தது. அதைக் கட்டிப்போட்டு, டீச்சரை ஃபேனுக்கு நேரே உட்கார வைத்து, காபியும் வந்தது. மரியாதை தெரிந்த வீடு.

"மூணு பேரு டீச்சர். நான், வீட்டுக்காரி, மக. இவனையும் சேர்த்தா நாலு" என்று நாயைக் காட்டிச் சிரித்தார்.

"நாயை எழுத இடமில்ல சார். அப்பா, அம்மா?"

"அம்மா இல்ல. அப்பா இருக்காவ. ஆனா இப்ப ஸ்ரீவில்லிபுத்தூர்ல தம்பி வீட்டுல. முறை வச்சுப் பார்க்கோம். ஆறு மாசம் அவன், ஆறு மாசம் நான்."

"அங்க எழுதியாச்சா?"

"இருங்க, கேட்டுருவோம்." ஸ்பீக்கரில் போட்டார். "ஏலே தனுஷ்கோடி, அப்பாவ உங்க பக்கம் எழுதியாச்சுல்லா?"

"அப்பா எப்பண்ணே எங்க பின்கோடு ஆனாவ? அவியளுக்கு வர்ற கல்யாணப் பத்திரிகை பூரா உங்க 626117-க்குத்தான வருது. அங்கேயே எழுதச் சொல்லுங்க."

"ஆதார்ல உங்க 626125 தாம்லே இருக்கு!"

"ஆதார் கெடக்கட்டும்ணே. இங்க எழுதிட்டா நாளைக்கு, 'கவர்மெண்டே எழுதிட்டான், நீயே கடைசி வரைக்கும் வச்சுக்கோ'ம்பீங்க. பால்கோவா கடையில கூட்டம் நிக்கு, வைக்கேன்."

நவநீதகிருஷ்ணன் போனை மேஜையில் வைத்தார்.

"பார்த்தீங்களா டீச்சர்? ஆனா நான் எழுதுனாலும் எனக்கு அதே வம்புதான். நீங்க மூணே போடுங்க."

அப்பா சாப்பிட்டாரா, எப்படி இருக்கிறார் என்று இரண்டு பின்கோடுமே கேட்கவில்லை.

ஹெப்சிபா திரும்பி வந்தபோது, அந்த ஒற்றை அறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஈரத்தலையைப் படிய வாரி, தேய்த்த சட்டை போட்டு, போட்டோ எடுக்க வந்தவர் மாதிரி.

"முதலாளியோட அப்பா சிவனாண்டி ஐயா" என்றாள் பாண்டிசெல்வி. "பங்குனிக் கடைசியில மூத்தவரு பஸ் ஏத்தி விட்டாவ. அங்க போனா சின்னவரு வீடு பூட்டிக் கெடக்கு. குடும்பத்தோட திருப்பதி. திரும்பி வந்தவரு, மகன் வீட்டுல பெல் அடிக்கக் கூசிப்போய் எங்க வாசல்ல உக்காந்துட்டாரு. ஒரு வாய் சோறு போட்டேன். அன்னையிலருந்து இங்கதான்."

"அவங்க தேடலையா?"

"போய்ச் சேர்ந்தாரான்னு மூத்தவரு கேட்கல. ஏன் வரலைன்னு சின்னவரு கேட்கல. 'பயலுவகிட்ட சொல்லிராத தாயி'ன்னு ஐயா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

பெரியவர் மெதுவாகக் கேட்டார். "என்னைய எங்க எழுதியிருக்கும்மா?"

ஹெப்சிபா போனில் போட்டு வைத்திருந்த நாலை அழித்து ஐந்து போட்டாள்.

"இங்கதான் ஐயா."

"பொறவு அழிச்சிர மாட்டாங்கள்ல?"

"மாட்டாங்க."

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது ஹெப்சிபாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"பெத்த அப்பனைப் பின்கோடு சொல்லித் தள்ளி விடுறானுங்க! இவனுங்கள்லாம் மனுஷப் பிறவியா?"

மறுபடியும் போன். பெலிக்ஸ்.

"அக்கா, இங்கயும் கணக்கெடுக்க வந்து நிக்காங்க. அம்மாவுக்கு உன் முறை வந்து ஒரு மாசமாச்சு. உன் வீட்டுக்குப் போறேன்னு பையைக் கட்டி வச்சிட்டு உக்காந்திருக்கு. உன் வீட்டுல எழுதிட்டியா, இல்ல இங்க எழுதவா?"

ஹெப்சிபா பாண்டிசெல்விக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாவுக்கு வர்ற தபால் பூரா உங்க பின்கோடுக்குத்தானலே வருது. அங்கேயே எழுதச் சொல்லு."